உளுந்துக்கு வெள்ளை ஈ, பப்பாளிக்கு அசுவினி: ஒரே மருந்து உதவுமா?

உளுந்தில் மஞ்சள் தேமல் வந்தாலும் சரி, பப்பாளியில் வளையப்புள்ளி நோய் வந்தாலும் சரி, கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் ஒரே பூச்சி மருந்துதான். இரண்டும் வைரஸ், இரண்டையும் பரப்புவது சாறு உறிஞ்சும் பூச்சி, அப்புறம் என்ன என்று தோன்றும். ஆனால் உளுந்தில் அந்த மருந்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது, பப்பாளியில் காசுக்குத்தான் கேடு.

வெள்ளை ஈ நோயுள்ள உளுந்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாறு குடிக்க வேண்டும். உள்ளே போன வைரஸ் குடலைத் தாண்டி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும், அதுவரை அந்த ஈயால் நோய் பரவாது. வந்து சேர்ந்துவிட்டால் நாள் கணக்கில் செடி செடியாக ஏற்றிக்கொண்டே போகும். அந்த இடைவெளிக்குள் ஈ செத்தால் நமக்கு லாபம், விதைக்கும் முன் இமிடாகுளோப்ரிட் பூச்சி மருந்தை விதையில் கலக்கும் விதை நேர்த்தி கைகொடுப்பது இதனால்தான். பக்கத்து வயலில் இருந்து வைரஸோடு வரும் ஈக்கு இது முழுத் தடை இல்லை என்பதால், என் ஓட்டு வம்பன் 8 மாதிரி தேமலைத் தாங்கும் ரகத்துக்கு.

பப்பாளி அசுவினி அங்கே குடியிருக்கிற பூச்சியே இல்லை, வழிப்போக்கன். இலையில் இறங்கி, ஊசி வாயால் மேல்தோலில் ஒரு குத்துக் குத்தி ருசி பார்க்கும், பிடிக்காமல் அடுத்த மரத்துக்குப் பறக்கும். வாய் நுனியில் ஒட்டிய வைரஸ் அங்கே இறங்கிவிடும், எல்லாம் சில நொடி வேலை. மருந்து பட்டுச் சாவதற்குள் காரியம் முடிந்திருக்கும், சில மருந்துக்கு மிரண்டு இன்னும் நாலு மரத்தில் குத்துவதும் உண்டு. தண்டில் எண்ணெய் பட்ட மாதிரி கரும்பச்சைக் கோடு தெரியும்போது இலையைத் திருப்பினால் ஒரு பூச்சிகூட இருக்காது.

ஆனால் வாய் நுனி வைரஸ் நிலைக்காது. தோட்டத்தைச் சுற்றி நெருக்கமாக மக்காச்சோளம் இருந்தால் அசுவினி முதலில் அதைக் குத்தி வைரஸை அங்கேயே உதறிவிடும். கூடவே நோய் மரத்தை உடனே வெட்டிவிட வேண்டும். அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் பூனா என்ற பகுதியில் 1992இல் இந்த நோய் நுழைந்தபோது வெட்டியும் அடங்கவில்லை, 1998இல் மரபணு மாற்றிய பப்பாளி வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

அசுவினி என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாழை முடிக்கொத்து நோயைப் பரப்புவதும் அசுவினிதான், ஆனால் அது வாழையிலேயே குடியிருந்து, வெள்ளை ஈ மாதிரி வைரஸை உடம்புக்குள் சுமக்கிறது. அந்த நோய் ஊர் விட்டு ஊர் போவது மட்டும் பூச்சியால் அல்ல, நாம் வாங்கி வரும் கன்றால்.