கன்றுக்கறி உருண்டையா, கோலாவா, சூரை உருண்டையா?

வெளிநாட்டிலிருந்து கீழக்கரைக்கு விடுப்பில் வருபவர்கள் சிலர் கன்றுக்கறி உருண்டையை ஒரேயடியாகப் புகழ்வார்கள். மெத்தென்று இருக்கும் என்பது உண்மைதான். இளங்கன்றின் கொத்துக்கறியோடு பாலில் ஊறிய ரொட்டியும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, தக்காளிச் சாற்றில் மெல்ல வேகவைப்பார்கள். ஆனால் இங்கே அதற்கு வழியில்லை. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயது தாண்டி வேலைக்கும் ஈனுவதற்கும் உதவாத மாடு, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக உதவாமல் போன மாடு என்று சான்று பெற்றதைத்தான் அறுக்கலாம்.

அதற்காக ஏங்கவும் வேண்டாம். 100 கிராம் பச்சைக் கன்றுக் கொத்துக்கறியில் புரதம் சுமார் 19 கிராம், கொழுப்பு 7 கிராம். கோலா உருண்டைக்குப் போடும் கொழுப்பில்லாத வெள்ளாட்டுக்கறியில் புரதம் 20, கொழுப்பு 2 அல்லது 3. இரும்புச்சத்தோ கன்றுக்கறியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சூரை மீனில் புரதம் 22, கொழுப்பு 1.

இந்தக் கணக்கெல்லாம் எண்ணெய்ச் சட்டிக்குப் போகும்வரைதான். கொழுப்பு குறைந்த ஆட்டுக்கறி வறண்டு போகும் என்பதால் கோலாவில் தேங்காய், கசகசா, பொட்டுக்கடலை மாவு எல்லாம் சேர்கின்றன. கொத்துக்கறியை மஞ்சள்தூள், உப்பு போட்டுத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, ஆறிய பிறகு சோம்பு, சின்ன வெங்காயத்தோடு சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். மாவு கடைசியில்தான், அதுவும் கையில் ஒட்டாமல் உருட்ட வரும் அளவுக்கு மட்டும். சில கல்யாணப் பந்திகளில் கறியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! எண்ணெய் சரியாகக் காயாவிட்டால் உருண்டை அதைக் குடித்துவிடும். அப்புறம் கன்றைவிடக் கொழுப்பு குறைவு என்று பேசிப் பயனில்லை.

சூரைக்குச் செலவும் குறைவு, வேலையும் குறைவு. அவித்து, முள்ளையும் கருஞ்சதையையும் எடுத்துவிட்டு உதிர்த்தால் போதும். ஆனால் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையை மட்டும் வாங்காதீர்கள். அதில் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாத பொருள் சேர்ந்துவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முகம் சிவந்து அரிப்பெடுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் விலையும் ஏறிவிடும்.

விருந்துக்கு என்றால் நான் கோலா பக்கம்தான். வாரநாளில் சூரை உருண்டை, அதுவும் பொரிக்காமல் குழம்பில். குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, ஐந்து நிமிடம் கரண்டியே போடாதீர்கள்.