ஆங்கில காலங்களுக்கு ஆங்கி: உப்புவெளியிலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனையாளர்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் பழக, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள அட்டைகளைக் காட்டும் ஆங்கி (Anki) என்ற செயலியைச் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். சொல் பழக இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. வினைச்சொல்லின் காலங்களுக்கு (டென்ஸ்), நாமே அட்டை எழுதினால்தான் இது உதவும்.

அட்டையைப் பார்த்து விடையை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அப்புறம் அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நாலில் ஒன்றை அழுத்த வேண்டும். தெரிந்த சொல் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், மறந்தது உடனே திரும்பி வரும். எந்த அட்டை எப்போது திரும்ப வரவேண்டும் என்று கணக்கிட 2023இல் சேர்த்த எஃப்எஸ்ஆர்எஸ் முறையை செட்டிங்ஸில் போட்ட பிறகு, நன்றாகத் தெரிந்த சொற்கள் வீணாக வருவது குறைந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. டேட்டா இல்லாமலும் ஓடும் என்பதால் நிலாவெளி பஸ்ஸிலேயே அன்றைய அட்டைகள் முடிந்துவிடும்.

காலங்களுக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைக் கட்டுகளில் பெரும்பாலும் கோ, வென்ட், கான் என்ற பட்டியல்தான். அது பாடசாலையிலேயே மனப்பாடம். எதை எப்போது போடுவது என்பதில்தான் நாங்கள் தடுமாறுகிறோம். திமிங்கிலம் பார்க்கப் போகும் படகைத் தேடி விருந்தினர் பிந்தி வருகிறார். 'படகு போய்விட்டது' என்றாலும் 'ஆறு மணிக்குப் போய்விட்டது' என்றாலும் தமிழில் வினை ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'த போட் ஹாஸ் லெஃப்ட்' சரி. ஆனால் 'அட் சிக்ஸ்' என்று நேரம் சொன்னால் ஹாஸ் போக வேண்டும், 'லெஃப்ட்' மட்டும்தான். நாளைய படகுக்கோ, அட்டவணைப்படி போவதால், 'த போட் லீவ்ஸ் அட் சிக்ஸ்'.

ஆகவே என் அட்டைகளில் நேரம் காட்டும் சொல்லை அப்படியே தெரியவிட்டு வினையை மட்டும் மறைக்கிறேன், அதுவும் சோடியாக. 'சின்ஸ் 2019' ஒன்றில், 'இன் 2019' மற்றதில். '2019இலிருந்து வேலை செய்கிறேன்' என்ற பழக்கத்தில் 'ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ்' என்று பிழையாக எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் சொல்கிறார்கள்! சோடி அட்டை அந்தப் பழக்கத்தை நன்றாகவே உடைக்கிறது. 'சின்ஸ்' அட்டையில் 'ஹாவ் வர்க்ட்', 'ஹாவ் பீன் வர்க்கிங்' இரண்டுமே சரி. பின்பக்கத்தில் இரண்டையும் நாமே எழுத வேண்டும், இல்லாவிட்டால் சரியான விடையையும் பிழையென்று நினைத்து அழுத்திவிடுவோம்.

நாம் சொல்வதைச் செயலி கேட்காது. அட்டையைத் திருப்பமுன் முழு வசனத்தையும் வாய்விட்டுச் சொன்னால்தான் மேசையில் நின்று பேசும்போது வாய் வரும்.

ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்றுதான் செயலி தொடங்கும். வேலை செய்பவருக்கு அது மிக அதிகம், 5 போதும். மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்கு சீசன். அப்போது புதியதைப் பூச்சியமாக்கிவிட்டு மீட்டல் மட்டும் செய்வேன். அப்படிச் செய்யாவிட்டால் பாக்கி குவிந்து, திறக்கவே மனம் வராது.

சாதாரண தரப் பரீட்சைக்கு என்று தங்கச்சியும் இதைக் கேட்டாள். சொற்களுக்குப் போட்டுக் கொடுத்தேன். கட்டுரைக்கு ரீச்சரிடமே எழுதிக் காட்டச் சொன்னேன். இறந்த காலத்தில் தொடங்கிய பந்தியை நிகழ்காலத்தில் முடித்திருக்கிறாளா என்று எந்த அட்டையும் பார்த்துச் சொல்லாது.