புளூடூத், ஆப்டிகல், ஈஆர்க்: உதட்டோடு ஒலி சேர எது உதவும்?

திரையில் ஒருவர் ‘அம்மா’ என்று கூப்பிடுகிறார். ‘ம்’ காதில் விழும்போது அவர் உதடு மூடியிருக்க வேண்டும். அது பிசகினால் எவ்வளவு நல்ல காட்சியிலும் மனசு ஒட்டாது.

கோளாறு இரண்டு வகை. சத்தம் பிந்தினால் காது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மின்னலுக்குப் பிறகே இடி கேட்டுப் பழகியவர்கள் நாம். முந்தினால்தான் உறுத்தும். 1998-இல் வந்த ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையின்படி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்துவது 125 வரை பிடிபடாது.

புளூடூத் சவுண்ட்பாரில் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) வயர் தொல்லை இல்லை. ஆனால் சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி கோடெக்கில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் தாமதம் சகஜம். சில டிவிகள் தங்கள் சொந்த ஆப்களில் படத்தையும் தாமதித்து ஈடுகட்டும். செட்டாப் பாக்ஸ் படத்துக்கு அந்த உதவி பெரும்பாலும் கிடைக்காது. பாட்டுக்கு புளூடூத் போதும், படத்துக்கு வேண்டாம்.

ஆப்டிகல் கேபிள் எவ்வளவோ தேவலை. ஆனால் ஒருவழிப் பாதை. தனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று சவுண்ட்பார் டிவிக்குச் சொல்ல வழியில்லை. சத்தம் பிந்தினால் டிவியின் டிஜிட்டல் அவுட்புட்டைப் பிசிஎம்முக்கு, அதாவது சுருக்காத ஒலிக்கு, மாற்றிப் பாருங்கள். சரவுண்ட் போய்விடும், தாமதம் பெரும்பாலும் குறையும்.

படமும் சத்தமும் ஒரே வயரில் போகும் எச்டிஎம்ஐயில் இந்தப் பிசகைத் தானாகச் சரிசெய்யும் வசதி 2006-இல் 1.3 பதிப்போடு வந்தது, ஆனால் கட்டாயமில்லை. டிவியின் சத்தத்தை அதே வயரில் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் 2009-இன் ஆர்க்கிலும் அதே கதை. 2017-இல் 2.1 பதிப்பில் வந்த அதன் மேம்பட்ட வடிவமான ஈஆர்க்கில்தான் அந்த வசதி கட்டாயம். டிவி ஆப்களிலேயே படம் பார்க்கிறவர்களுக்கு இதுதான் சரி. டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஈஆர்க் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது பழைய வழி: பிளேயரிலிருந்து ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி), அங்கிருந்து டிவி. இதில் பெரும்பாலும் சத்தம்தான் முந்தும். டிவி ஃபிரேம்களைப் பிடித்து வைத்து மெருகேற்றுவதால் படம் பிந்துகிறது. முதலில் அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை டிவியில் அணையுங்கள். பிறகு ரிசீவரின் ஆடியோ டிலேயை இருபது இருபது மில்லிசெகண்டாக ஏற்றுங்கள். எங்கள் வீட்டில் 80-இல் நின்றது. கேம் மோடுக்கு வேறு எண் வரும்.

சோதிக்க சமையல் வீடியோ போல எதுவும் இல்லை. வெங்காயம் நறுக்கும் கத்தி பலகையைத் தொடும் கணத்தில் ‘டக்’ கேட்க வேண்டும். படங்களை வைத்துச் சோதிக்காதீர்கள். நம் படங்களில் குரல் பெரும்பாலும் பின்னால் டப்பிங்கில் சேர்த்ததுதான், உதடு ஏமாற்றிவிடும்.

ரிசீவரால் சத்தத்தைத் தள்ளிப்போட முடியும், முன்னே இழுக்க முடியாது. அதனால் புளூடூத்தைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரை வைத்துப் பாருங்கள். படமும் சத்தமும் இரண்டும் அதன் கையில் இருப்பதால் முன்பின் இரண்டு பக்கமும் நகர்த்தும். விண்டோஸில் ஜே தட்டினால் சத்தம் முந்தும், கே தட்டினால் பிந்தும். ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட்.