நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பகாலப் பரிசோதனை: குறைப்பிரசவ அபாயத்தை எந்த அளவுக்குக் கவனிக்கிறார்கள்?

முதல் குழந்தையை எட்டாம் மாதத்திலேயே பெற்றெடுத்த என் தங்கை, மறுபடி கருவுற்றதும் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டாள். பரிசோதனை நாட்களில் துணைக்குச் சென்ற அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

செவிலியர் கேள்வி கேட்ட விதம்தான் அங்கு எனக்கு மிகவும் பிடித்தது. முந்தைய பிரசவம் எத்தனையாவது வாரத்தில் நடந்தது, வலி முதலில் வந்ததா பனிக்குடம் முதலில் உடைந்ததா, இரண்டு கர்ப்பங்களுக்கும் இடைவெளி எவ்வளவு, வீட்டில் யாரேனும் புகைபிடிக்கிறார்களா என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். 37 வாரம் நிறைவதற்குள் ஒரு குழந்தை பிறந்திருந்தால் அடுத்ததும் அப்படிப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், அட்டையின் மேற்பகுதியிலேயே அதைச் சிவப்பு மையில் குறித்தும் வைத்தார்.

ஒவ்வொரு முறையும் எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே இருக்கும் சிறுநீர்த் தொற்று, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை பரவி, பிரசவ வலியை முன்கூட்டியே தூண்டிவிடலாம். ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறினாலோ, தாயைக் காப்பாற்ற மருத்துவர்களே குழந்தையை முன்னதாக வெளியே எடுக்க நேரிடும். எனவே இந்தச் சோதனைகளைச் சடங்காக எண்ணித் தவறவிடக் கூடாது.

பப்பாளி தின்றதுதான் சென்றமுறை காரணம் என்று வாதிட்ட தங்கையின் மாமியாரிடம், "பல பேருக்குக் காரணமே தெரியிறதில்லைம்மா, பொண்ணு மேல பழி போடாதீங்க" என்று மருத்துவர் சொன்னது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடத்தில் இருக்கைகள் போதாமல் நிறைமாதப் பெண்களும் நிற்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் கருப்பை வாயின் நீளம் இல்லாதது. முன்பு குறைப்பிரசவமான பெண்ணுக்கு அது 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், கர்ப்பம் நிலைக்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான் மருந்தோ கருப்பை வாயில் தையலோ பலன் தரக்கூடும் என்பதால், அதை அளப்பது அவசியம். நாங்கள் கேட்ட பிறகே பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

முறையான தொடர் கண்காணிப்புக்கு இந்த நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கு இல்லை. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களும் இரட்டைக் குழந்தை சுமப்பவர்களும், அவசரத்தில் எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை முதல் பரிசோதனையிலேயே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.