எட்டா ஜேம்ஸின் ‘அட் லாஸ்ட்!’: பத்து வருஷம் கேட்ட பிறகு

இந்த ஆல்பத்தை நான் வாங்கியதே ஒரே ஒரு பாட்டுக்காகத்தான். இப்போது அந்தப் பாட்டு வரும்போதுதான் எழுந்து போய்க் காபி போடுகிறேன்.

2009இல் ஒபாமா பதவியேற்ற அன்று இரவு விருந்தில் பியான்ஸே பாட, ஒபாமா தம்பதி ஆடினார்களே, அந்தப் பாட்டுதான். ‘அட் லாஸ்ட்’. வீடியோவைப் பார்த்துவிட்டு மூலம் யாருடையது என்று தேடியபோது எட்டா ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகி கிடைத்தார். இன்னும் தோண்டினால் அவருக்கும் முன்னாலேயே, 1942இல், கிளென் மில்லர் இசைக்குழு அதைப் பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் இன்று உலகத்துக்கு அது எட்டாவின் பாட்டு.

சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனம் 1960 நவம்பரில் தன் ஆர்கோ லேபிளில் வெளியிட்ட ஆல்பம் இது. பத்துப் பாட்டு, மொத்தம் அரை மணி நேரம்கூட வராது. அப்போது எட்டாவுக்கு வயது 22. முதல் ஆல்பம் என்றாலும் புதுமுகம் இல்லை. 1955லேயே அவருடைய தனிப்பாட்டு ஒன்று ஆர் அண்ட் பி (கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசை) பட்டியலில் முதலிடத்துக்குப் போயிருந்தது. இவரை வெள்ளைக்கார ரசிகர்களிடமும் கொண்டுபோகலாம் என்று நிறுவன முதலாளி லியோனார்ட் செஸ் கணக்குப் போட்டார். அதனால் இசை அமைத்துக் கொடுக்கும் ரைலி ஹாம்ப்டனை வைத்து வயலின் கூட்டத்தைச் சேர்த்தார்.

அந்த வயலின்கள்தான் முதல் வருஷம் என்னை மயக்கின. மூன்றாவது வருஷம் திகட்ட ஆரம்பித்தன. ‘அட் லாஸ்ட்’ தொடக்கத்தில் அவை பொங்கி எழும்போது கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிப்பது போல இருக்கும். ஒரு தரம் சரி, நூறு தரம் தாங்காது. குரலும் அதில் விருந்துக்கு வந்த இடத்தில் இருப்பது போல அடக்கமாகத்தான் இருக்கிறது. அழகில் குறை சொல்ல முடியாது, எனக்குத்தான் பழகிப்போய்விட்டது.

பழகவே பழகாதது அவர் குரலில் இருக்கும் கரகரப்பு. ஐந்து வயதில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தவர். குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும் என்று, பாடும்போதே குழுத் தலைவர் நெஞ்சில் குத்துவாராம். கேட்கவே கொடுமையாக இருக்கிறது. அதைப் படித்த பிறகு, உச்சத்தில் அவர் குரல் உடையும் இடங்களை முன்போல ரசிக்க முடியவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தக் குரல் முழுசாக வெளியே வருவது எட்டாவது பாட்டில்: ‘ஆல் ஐ குட் டூ வாஸ் க்ரை’. காதலன் இன்னொருத்தியை மணப்பதைத் தேவாலயத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள் ஒருத்தி. சபதம் சொல்கிறார்கள், மணமக்கள் தலையில் அரிசி தூவுகிறார்கள். அரிசி என்றதும் எனக்கு அட்சதைதான் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் இந்தப் பாட்டில் அந்நியமாக எதுவும் மிச்சமில்லை. ‘க்ரை’ என்ற ஒற்றைச் சொல்லை அவர் இழுத்து உடைத்துப் போடுவது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி காதில் விழுகிறது. இதில் ஒரு வினோதமும் உண்டு. அப்போது எட்டாவின் காதலராக இருந்தவர் ஹார்வி ஃபுக்வா என்ற பாடகர். அவர் பின்னால் மணந்தது க்வென் கோர்டியை. இந்தப் பாட்டை எழுதிய மூவரில் ஒருவர் அதே க்வென் கோர்டி!

‘ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ’ இன்னொரு ருசி. வில்லி டிக்ஸன் எழுதி, 1954இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடியது. ‘எனக்குத் துணி துவைக்க வேண்டாம், ரொட்டி சுட வேண்டாம்’ என்று ஆண் சொல்வதை எட்டா திருப்பிப் போட்டு, அந்த வேலைகளைத் தானே செய்வதாகப் பாடுகிறார். பணிவாகவா? அதட்டலாக! வயலினை ஓரம் தள்ளிவிட்டு பித்தளைக் குழல்கள் சேர்ந்துகொள்கின்றன. சத்தமாக வைத்துக் கேட்க வேண்டியது.

‘டஃப் மேரி’ மட்டும் இந்தக் கூட்டத்தில் ஏன் இருக்கிறது என்று இன்னும் புரியவில்லை. கடைசிப் பாட்டு எனக்கு மனசில் தங்கவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 1999 மறுவெளியீட்டு சிடியில் ஃபுக்வாவோடு பாடிய நான்கு ஜோடிப் பாட்டுகள் கூடுதலாக வருகின்றன. நல்ல பாட்டுகள்தான், ஆனால் பத்தாவதோடு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். மலிவான இயர்போனில் வயலின்கள் காதைக் கீறும். சுமாரான ஸ்பீக்கரே மேல். எல்பி வாங்கினால் உடனே இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். நான் தபாலில் வரவழைத்த தட்டில் ‘ஸ்டார்மி வெதர்’ நடுவில் ஒரு கீறல். மாற்றித் தரும் கெடு முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். இப்போது போனில் கேட்டாலும் அந்த இடத்தில் மனசு ஒரு குதி குதிக்கிறது.

ஸ்வீடன் டிஜே அவிச்சியின் ‘லெவல்ஸ்’ கேட்டுவிட்டு அதில் வரும் குரலைத் தேடி வருகிறவர்கள் ஏமாறாதீர்கள். அது 1962இல் எட்டா பாடிய வேறு பாட்டு, இதில் கிடையாது.

வயலினே இல்லாமல் இந்தக் குரல் வேண்டும் என்றால், 1963இல் நாஷ்வில்லில் ஒரு கிளப்பில் மேடையிலேயே பதிவு செய்த ‘எட்டா ஜேம்ஸ் ராக்ஸ் தி ஹவுஸ்’ இருக்கிறது. போன மாதம்தான் வாங்கினேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் ஏற்கெனவே இரண்டு முறை புகார் வந்துவிட்டது.