ட்ரையாஜ் பழக எது முதலில்: அமெரிக்க முறையா, தென்னாப்பிரிக்க முறையா?

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று நோயாளிகளை அவசரத்தின்படி பிரிப்பது, சொல்லித்தர ஏதாவது ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கடைசி வரை நின்றவை இரண்டு: அமெரிக்காவின் எமர்ஜென்சி சிவியரிட்டி இண்டெக்ஸ், சவுத் ஆஃப்ரிக்கன் ட்ரையாஜ் ஸ்கேல். நான் எடுத்தது இரண்டாவதை.

முதல் படி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூச்சுப்பாதை அடைத்தவர், வலிப்பு நிற்காதவர் எல்லாம் நேராக உள்ளே. வழி பிரிவது அதற்கப்புறம்.

அமெரிக்க முறையில், ஆபத்தானவர் என்று தோன்றாத நோயாளிக்கு எத்தனை வகை வசதி தேவைப்படும் என்று கணிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை எத்தனை எடுத்தாலும் ஒன்று, எக்ஸ்ரே ஒன்று, சலைன் ஒன்று. மாத்திரை கணக்கில் வராது. எதுவும் வேண்டாம் என்றால் 5ஆம் நிலை (எண் குறையக் குறைய அவசரம் கூடும்), ஒன்று என்றால் 4, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 3. வருடக்கணக்காக கேஷுவாலிட்டியில் நிற்கும் சிஸ்டருக்கு இது கண நேர வேலை. மாணவருக்கு அந்தக் கணிப்புதான் இன்னும் வரவில்லையே!

தென்னாப்பிரிக்க முறை கணிக்கச் சொல்வதில்லை, எண்ணச் சொல்கிறது. நடை, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், நினைவு, காயம் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண். என்னைத் தீர்மானிக்க வைத்தது இதில் மூச்சுக்கு இருக்கும் இடம். நம் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு மூச்சு நிமிடத்துக்கு 18 என்று இருக்கும். யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மா, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார் என்று வையுங்கள். துணையோடு நடப்பதற்கு 1. நாடி 116, அதற்கு 2. காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ், அதற்கு 2. மேல் அழுத்தம் 104, நினைவு தெளிவு, காயம் இல்லை: மூன்றுக்கும் பூஜ்யம். மூச்சு 18 என்று எழுதினால் 1 சேர்ந்து மொத்தம் 6, ஆரஞ்சு. பத்து நிமிடத்துக்குள் பார்த்தால் போதும். உட்கார்ந்து ஒரு நிமிடம் எண்ணினால் 26 வருகிறது. அதற்கு 2, மொத்தம் 7, சிவப்பு. உடனே பார்க்க வேண்டும். அதே அம்மா, அதே மேசை. அமெரிக்க முறையிலும் மூச்சு 20ஐத் தாண்டினால் நிலையை உயர்த்த யோசிக்கச் சொல்கிறார்கள்தான். ஆனால் அது கடைசிப் படி, முடிவும் மாணவர் கையில்.

குறையும் உண்டு. நெஞ்சுவலியோடு வரும் இளைஞருக்கு மதிப்பெண் பூஜ்யம் வரலாம். அவரை ஆரஞ்சுக்கு ஏற்றுவது மதிப்பெண்ணோடு இருக்கும் அறிகுறிப் பட்டியல். கூட்டி முடித்த மாணவர் அதைப் பார்க்க மறந்துவிடுகிறார். இந்த இடத்தில் அமெரிக்க முறை ஆபத்தை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தொற்றுக் கட்டுப்பாட்டிலும் வேலை கூடும். வருபவர் எல்லோரையும் தொட வேண்டியிருப்பதால், ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் 20 முதல் 30 விநாடி ஹேண்ட் ரப், அழுக்கு தெரிந்தால் சோப்பு, பிபி பட்டையைத் துடைப்பது. இருமலோடு வருபவருக்கு எண்ணத் தொடங்கும் முன்பே மாஸ்க். மூச்சைத் தொடாமலே, சற்றுத் தள்ளி நின்றும் எண்ணலாம்.

இவ்வளவும் பெரியவர்களை வைத்துச் சொன்னது. குழந்தைகளுக்குத் தனி அட்டைகள் இருக்கின்றன. அவற்றில் என் பழக்கம் குறைவு, குழந்தைகள் பிரிவில் நிற்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.