ஆற்றின் நலம் அறிய: நீர்ச் சோதனையா, மீன் கணக்கெடுப்பா?
குடிநீருக்கு ஆய்வகச் சோதனைதான். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆற்றையே எடைபோட வேண்டுமென்றால் என் வாக்கு மீனுக்கு. நீர் மாதிரி, எடுத்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். நள்ளிரவில் திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடந்துபோயிருக்கும். மீன் அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது, நடந்ததையெல்லாம் உடலில் வாங்கிக்கொள்கிறது.

1981-இல் அமெரிக்கச் சூழலியலாளர் ஜேம்ஸ் கார் (Karr) வகுத்த உயிரியல் முழுமைக் குறியீடு, அதாவது மீன்களை வைத்து ஆற்றுக்கு மதிப்பெண் போடும் முறை, இதைத்தான் பயன்படுத்துகிறது: எத்தனை இனங்கள், மாசு தாங்காதவை எவை, எத்தனை மீன்களுக்குப் புண், கட்டி, அரித்துப்போன துடுப்பு. கூழாங்கல் இடுக்கில் முட்டையிடும் இனம் குறைந்தால், அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆனால் கெடுத்த நச்சு எது என்று மீன் சொல்லாது. அதற்கு ஆய்வகமே வேண்டும். வலை கனப்பதும் நற்சான்று அல்ல: மாசையும் தாங்கும், வெளியிலிருந்து வந்த திலாப்பியா மட்டுமே நிறைந்திருக்கலாம்.